வானத்துக்கும் ரூம் கணக்கு உண்டு

திருவனந்தபுரத்தையும் சென்னையையும் வரைபடத்தில் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். மேற்கு மலையைத் தாண்டியதும் அந்தக் கோடு ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கத்து வானத்தில்தான் நுழையும். கீழே வெயிலில் பட்டாசு காயப்போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கோடு ஒன்று நகர்வது தெரியும். அவர் பார்ப்பது வெட்டவெளி. விமானத்தை ஓட்டுகிறவருக்கும், எங்கோ ஓர் அறையில் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அந்த இடத்துக்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, மேல்தளம் கீழ்த்தளம் உண்டு. இந்த நிமிடம் அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒரே ஒருவரைத்தான் கைகாட்ட முடியும்.

நான் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். திருத்தங்கல் பக்கம் பிறந்து, 1980-களின் கடைசியில் தேசிய விமான நிலைய ஆணையத்தில் சேர்ந்து, அலகாபாத் பம்ரௌலியில் பயிற்சி முடித்து, சென்னையிலும் மதுரையிலும் மாறி மாறி வேலை பார்த்தேன். 1995 ஏப்ரல் 1 அன்று அந்த ஆணையமும் சர்வதேச விமான நிலைய ஆணையமும் சேர்ந்து இன்றைய இந்திய விமான நிலைய ஆணையம் ஆயின. ஓய்வு பெற்றதும் அங்கேதான். ஓடுதளத்தில் நின்று கொடி காட்டும் வேலை என்றே சொந்தக்காரர்கள் பலரும் நினைத்திருந்தார்கள். விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் என் சித்தப்பா. சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருந்தவர்.

“ஏய்யா, அம்புட்டுப் பெரிய வானத்துல ரெண்டு பிளேன் எப்படிய்யா முட்டும்?”

“வானம் பெருசுதான் சித்தப்பா. போற பாதை பெருசு இல்ல. எல்லாரும் ஒரே கோட்டுலதான் போவாங்க. அதுவும் அளந்து வெச்ச உயரத்துல.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ரூம் கணக்குன்னு சொல்லு” என்றார்.

பட்டாசு ஆபீசுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஒரே கூரையின் கீழ் எல்லா வேலையும் நடக்காது. கரிசல் பொட்டலில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள் இருக்கும். மருந்து கலக்க ஒரு ரூம், மருந்து செலுத்த ஒரு ரூம், திரி வைக்க ஒரு ரூம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இவ்வளவு தூரம் என்று வெடிபொருள் விதி சொல்கிறது. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்று சுவரில் பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள். ஒரு ரூமில் தீப்பற்றினால் அடுத்த ரூமுக்குத் தாவக் கூடாது; அதற்காகத்தான் நடுவில் அந்தக் காலி நிலம். பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடப்பதுபோல் தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களின் உயிர் அந்தக் காலி நிலத்தை நம்பித்தான் இருக்கிறது. வானத்தில் நாங்கள் காவல் காத்ததும் காலி இடத்தைத்தான்.

பெரிய பிரிவிலிருந்து சொல்கிறேன். உலக வானம் முழுவதும் விமானத் தகவல் மண்டலங்களாகப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் அப்படி நான்கு: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. வடகிழக்குக்குக் குவாஹாட்டி துணை மண்டலம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 28 லட்சம் சதுரக் கடல் மைல். அதில் 17 லட்சத்துக்கு மேல் கடலுக்கு மேலே இருக்கிறது. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தின் மீது முழு உரிமை என்கிறது. கடலோர எல்லை 12 கடல் மைலோடு அந்த உரிமை முடிந்துவிடும். அதைத் தாண்டிய வங்கக் கடல் வானம் நம்முடையது இல்லை. இருந்தாலும் அங்கே பறப்பவருக்கு வழிசொல்லும் கடமை நம்முடையது. நடுக்கடலில் ஒரு விமானத்தின் குரல் நின்றுபோனால், அது எந்த நாட்டு விமானமாக இருந்தாலும், முதலில் பதற வேண்டியது சென்னையில் உட்கார்ந்திருப்பவர்தான். உரிமை முடிந்த பிறகும் கடமை நீண்டுகொண்டே போகும் இந்த ஏற்பாட்டை நினைத்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சென்னை மண்டலத்தை ஒட்டிக் கொழும்பு, மாலே, கோலாலம்பூர், யாங்கூன் மண்டலங்கள். உள்ளே இறங்கினால் இன்னும் பிரிவுகள். ஓடுதளத்தைச் சுற்றிய வட்டம் கோபுரத்தின் பொறுப்பு. ஏறுகிற, இறங்குகிற விமானங்களுக்கு அணுகு கட்டுப்பாடு. அதற்கு மேலும் வெளியேயும் பறப்பவர்களுக்குப் பகுதிக் கட்டுப்பாடு. அதையும் செக்டர் செக்டராக வெட்டியிருப்பார்கள். நான் சேர்ந்த காலத்தில் தென்னிந்தியாவின் மேல் அடுக்கைப் பல ஊர்கள் பங்குபோட்டிருந்தன. பல ஊர் ரேடார்களின் படம் ஒரே திரையில் வரத் தொடங்கிய பிறகு அந்த மேல் அடுக்கு படிப்படியாகச் சென்னையின் கைக்கு வந்தது. இவற்றுக்கு நடுவே ராணுவத்துக்கென்று ஒதுக்கிய துண்டுகள் உண்டு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் அணி இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது. அவர்களுக்கு வேலை இருக்கும் நேரத்தில் அந்த வானம் மூடப்படும். முடிந்ததும் எங்களிடம் திரும்பி வரும்.

உயரக் கணக்குக்கு வருகிறேன். கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்குப் பக்கம் போகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரங்கள். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர் 33,000 அடியில் இருந்தால், எதிரே வருகிறவருக்கு 32,000 கொடுப்போம், அல்லது 34,000. நடுவில் ஆயிரம் அடி, அதாவது 300 மீட்டர். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு இடையிலுள்ள தூரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் குறையும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானியின் கண்ணை நம்பி இந்த வேகத்தில் யாரையும் விட முடியாது.

2003 நவம்பர் 27 வரை 29,000 அடிக்கு மேலே இந்த இடைவெளி 2,000 அடியாக இருந்தது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பழைய உயரமானிகளின் பிழை கூடும், அதற்காகத்தான் இரட்டிப்பு. கருவிகள் மேம்பட்ட பிறகு 29,000-க்கும் 41,000-க்கும் இடையில் ஆயிரமாகக் குறைத்தார்கள். ஆறு புதிய தளங்கள் கிடைத்தன. ஆனால் எந்த விமானம் அங்கே பறக்கத் தகுதியானது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். சும்மா நெருக்கி உட்கார வைத்த கதை இல்லை அது. இடைவெளியைக் குறைக்கும் முன் பிழையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம்.

நான் முதலில் மதுரைக் கோபுரத்தில் உட்கார்ந்தபோது அங்கே ரேடார் கிடையாது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை, ஸ்ட்ரிப் என்போம். பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி மேஜையில் வரிசையாக அடுக்கியிருப்போம். விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, உயரம், எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டும் என்ற கணக்கு எல்லாம் அதில் இருக்கும். விமானி 90-லிருந்து 70-க்கு, அதாவது 9,000 அடியிலிருந்து 7,000-க்கு இறங்க நான் அனுமதி கொடுத்தால், அவர் அதையே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னதைக் காதில் வாங்கிய பிறகு, தளத்தை விட்டு இறங்கியதை அவர் உறுதிசெய்யும்போது பழைய எண்ணின் மேல் ஒரு கோடு. அழிப்பது கிடையாது. எந்த உயரம் எப்போது யாருக்கு இருந்தது என்பது அந்தப் பட்டையில் கடைசிவரை தெரிய வேண்டும். விமானம் 9,000-ஐ விட்டு இறங்கிவிட்டது என்று விமானியே சொல்லும்வரை அந்தத் தளம் வேறு யாருக்கும் கிடைக்காது. திரை எதுவும் இல்லை, காதும் பேனாவும்தான். அந்தப் பழக்கம் பிற்பாடு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோதும் என்னை விட்டுப் போகவில்லை.

எல்லையில் ஒப்படைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். என் பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு விமானம் போவதற்கு முன்பே நேரடித் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்: இந்த விமானம், இந்தப் புள்ளி, இந்த நிமிடம், இந்த உயரம். எதிர்முனை அதைத் திருப்பிச் சொல்லும். பிறகு இருவரும் தத்தம் பெயரின் இரண்டெழுத்தைச் சொல்லி வைப்போம். சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டெழுத்து, என் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு மாறியதற்கான கையெழுத்து. கொழும்புக் கன்ட்ரோலர்களோடு இலங்கையில் போர் நடந்த வருடங்களிலும் இப்படித்தான் பேசிக்கொண்டோம். முகம் பார்க்காமலே பலருடைய குரல் எனக்குப் பழகியிருந்தது. சிலர் ஆங்கிலத்தில் ஒப்படைத்து முடித்துவிட்டுத் தமிழில் “சாப்பிட்டாச்சா அண்ணே?” என்பார்கள்.

1996 நவம்பர் 12 எங்கள் தலைமுறைக் கன்ட்ரோலர்கள் யாருக்கும் மறக்காது. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747, 14,000 அடியில் நிற்க வேண்டும். எதிரே இறங்கிவந்த கஜகஸ்தானின் இலியூஷின் 76, 15,000 அடிக்குக் கீழே வரக் கூடாது. இரண்டுக்கும் டெல்லி கொடுத்த உத்தரவு சரியானது. இலியூஷின் 15,000-ஐத் தாண்டிக் கீழே வந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேர், ஒருவரும் தப்பவில்லை. டெல்லியில் அன்றிருந்த ரேடார் விமானம் எங்கே என்று காட்டியது. எந்த உயரத்தில் என்று காட்டவில்லை. வந்துபோக ஒரே பாதை இருந்தது. விபத்துக்குப் பிறகு வருவதற்கும் போவதற்கும் பாதைகளைப் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதல் எச்சரிக்கைக் கருவி விமானங்களுக்குக் கட்டாயமானது. 349 உயிர்களுக்குப் பிறகு வந்தன இவை. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் தணியவில்லை.

2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்ததும் இதே தொழிலின் கதைதான். கட்டுப்பாட்டு அறையில் அந்த இரவில் இரண்டு மேஜைகளை ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் ஓய்வறையில். பட்டாசு ரூமில் அளவுக்கு மேல் ஆள் சேர்ந்தால் ஆபத்து. கட்டுப்பாட்டு அறையில் அளவுக்குக் கீழே ஆள் குறைந்தால் ஆபத்து. இரண்டிலும் எண்ணிக்கையை யாரோ ஒருவர் லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வானத்தைப் பத்திரமாக வைத்திருப்பது ரேடார் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாம் பட்சம். திரையில் இரண்டு விமானங்களுக்கு இடையே 5 கடல் மைல் இருக்க வேண்டும். ஒரு நாள் அது 4 ஆகிறது என்று வையுங்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. பயணிகளுக்குத் தெரியவே தெரியாது, காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எங்களுக்கு அது சம்பவம். எழுத்தில் அறிக்கை போகும், பதிவான பேச்சை எடுத்துக் கேட்பார்கள், அந்த நேரத்துத் திரையை ஓட்டிப் பார்ப்பார்கள், உட்கார்ந்திருந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்பி விசாரித்து, தேவையென்றால் மறுபடி பயிற்சி கொடுத்துத்தான் திரும்ப உட்கார வைப்பார்கள். விபத்து நடக்கவில்லையே என்று யாரும் விடமாட்டார்கள். இடைவெளி குறைந்ததே குற்றம்.

இதை எங்கள் ஊரோடு வைத்துப் பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆபீசில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் போனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்தவர்களும் அதில் சேர்த்தி. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் விசாரணையில் வெளிவருபவை புதியவை அல்ல: அனுமதித்ததற்கு மேல் ஆட்கள், அனுமதித்ததற்கு மேல் மருந்து, உள்குத்தகைக்கு விட்ட ரூம்கள், மரத்தடியில் வைத்துச் செய்த வேலை. சுவரில் எழுதியிருக்கும் எண்ணை அதற்கு முன்பும் எத்தனையோ நாள் மீறியிருப்பார்கள். அந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத அந்த நாட்களைப் பற்றி ஒரு தாளிலும் யாரும் எழுதவில்லை. நான்கு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள், சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள் என்றால், எங்கள் தொழிலில் அன்று இரவே அறிக்கை எழுத வேண்டும். பட்டாசு ஆபீசில் அது நல்ல உற்பத்தி நடந்த நாள்.

சித்தப்பா இதை ஒப்புக்கொண்டார். “கூடுதலா ஆளு இருந்தா போர்மேன் சொல்லணும்யா. சொன்னா அவனுக்கு வேலை இருக்காது. உங்க ஆபீசுல சொன்னவனுக்கு வேலை இருக்குமா?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். தானே முன்வந்து சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதை விமானத் துறை பல பிணங்களுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டது. எங்கள் பக்கத்திலும் மருந்து ரூமில் வேலை செய்யும் பெண்கள், பயமில்லாமல், பெயர் சொல்லாமல், “இன்னைக்கு ஆள் கூடுதல்” என்று ஒரு வரி எழுதிப் போட ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த வரியை வாங்கிப் படித்து அன்றைக்கே வந்து பார்க்கும் ஓர் அதிகாரியும் வேண்டும். நான் கடைசி மூச்சுவரை கேட்டுக்கொண்டிருக்கப் போவது இதைத்தான்.

இனி, வானத்தின் அடித்தளம். சிவகாசிக்காரர்களின் கைச்சரக்கு போய் நுழைவது அங்கேதான். விமானம் எல்லாம் 30,000 அடியில் பறக்கிறது, நம் ராக்கெட் அதை எங்கே தொடப்போகிறது என்று நினைப்பார்கள். ஓடுதளத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அது சரி. வாண வேடிக்கைக்கு விடும் ஷெல்லுக்கு ஒரு கணக்கு உண்டு: குழாயின் விட்டம் ஓர் இன்ச்சுக்கு ஏறத்தாழ நூறு அடி உயரம். மூன்று இன்ச் ஷெல் 300 அடியில் விரியும்; ஆறு இன்ச் 600 அடி. இறங்கும் விமானம் மூன்று டிகிரி சரிவில் வரும். ஓடுதள நுனிக்கு இரண்டு கடல் மைல் முன்னால், அதாவது நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், அது தரையிலிருந்து 600 அடியை ஒட்டித்தான் இருக்கும். ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் இருக்கும் கிராமத்தில் கோயில் கொடை நடந்து, அங்கே ஆறு இன்ச் குழாய் வைத்தால், இரண்டும் சந்திக்கும் உயரம் அது. மோதல் நடக்க வேண்டியதில்லை. முழு இருட்டில், கவனம் எல்லாம் ஓடுதள விளக்கின் மேல் இருக்கும்போது, கண்ணுக்கு நேரே பொறி சிதறினாலே விமானிக்குச் சில நொடிகள் போய்விடும்.

டிரோன்களுக்கு 2021-ல் விதி வந்தது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால், பச்சை என்று குறித்த இடங்களில், 400 அடி வரை முன்அனுமதி வேண்டாம். 8-லிருந்து 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை. வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. அதே அடித்தளத்தில் நான்கு இன்ச் ஷெல்லும் வெடிக்கிறது என்பதைப் பட்டாசுக்காரரும் டிரோன்காரரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே போவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இன்னும் சில வருடங்களில் குலசேகரன்பட்டினத்திலிருந்து இஸ்ரோவின் ராக்கெட்டும் எழும்பும். 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒவ்வொரு ஏவுதலுக்கும் தெற்குக் கடல் வானத்தில் ஒரு பெரிய துண்டை நேரம் குறித்து மூடுவார்கள். அதற்கான அறிவிப்பு நோட்டாம் என்ற பெயரில் உலகம் முழுவதும் போகும்.

கொடை, தேரோட்டம், கல்லூரி விழா என்று வாண வேடிக்கை எடுக்கிற சிவகாசிக் காண்டிராக்டர்கள் சிலர், இடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால், இப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். “அண்ணாச்சி, போலீஸ் பர்மிஷன் வாங்கியாச்சு, போதும்ல?” என்பார்கள். போதாது என்பேன். விமான நிலையத்துக்கும் கடிதம் போக வேண்டும், பல நாட்கள் முன்னதாக. அதில் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிவிடுவேன். ஊர் பெயர் மட்டும் போதாது. போனில் வரைபடத்தைத் திறந்து அட்சரேகை, தீர்க்கரேகை எழுது. மிகப் பெரிய குழாய் எத்தனை இன்ச் என்று எழுது. உயரம் எழுதும்போது கவனம்: நீ அளப்பது தரையிலிருந்து, இறங்கும் விமானி பார்க்கும் உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து. மதுரை விமான நிலையம் இருப்பதே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 450 அடி மேலே. உன் 600 அடி ஷெல் அவருக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆகவே ‘தரையிலிருந்து’ என்ற வார்த்தையை விடாதே. நேரத்தை இந்திய நேரம் என்று குறிப்பிட்டே எழுது. வானத்தில் எல்லாரும் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறார்கள், இரவு 8 மணி அவர்களுக்கு 14:30. கடைசியில் இடத்தில் நிற்கப்போகிற ஒருவரின் போன் நம்பர். அது மேளச் சத்தத்தில் கேட்காத போனாக இருக்கக் கூடாது. பத்தரைக்கு முடிப்பதாக எழுதிவிட்டுப் பத்துக்கே முடித்துவிட்டால், முடிந்தது என்று கோபுரத்துக்குச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அங்கே இருப்பவர் பத்தரை வரைக்கும் அந்த இடத்தை மூடியே வைத்திருப்பார்.